வில்லங்கம் பார்க்காத வக்கீல்

கோயம்புத்தூர் நீதிமன்றத்தை ஒட்டிய கோபாலபுரத்துத் தெருக்களில் மாடிப்படிக்கு ஒரு வக்கீல் என்ற கணக்கில் பெயர்ப்பலகைகள் தொங்கும். ஏதாவது ஒரு பலகையின் கீழே நுழைந்து மேலே ஏறினால் நம்முடைய ஆளைப் பார்த்துவிடலாம். ஐம்பதைத் தொட்ட வயது, சிவில் பக்கம் நல்ல பெயர், ஒரு குமாஸ்தா, இரண்டு ஜூனியர்கள், நம்பிக்கை என்பதே இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடி. சூலூர்ப் பக்கம் அரை ஏக்கர் வாங்க நினைப்பவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவரிடம் வந்தால், அன்றைக்கு நிலம் விற்பவரின் பரம்பரையே விசாரணைக் கூண்டில் ஏறும். மூலப்பத்திரம் எங்கே, முப்பது வருஷ வில்லங்கம் எங்கே, பட்டா சிட்டா யார் பெயரில், புலப்படம் அளவோடு பொருந்துகிறதா, 1974இல் பாகம் பிரித்தபோது மைனராக இருந்த தம்பிக்குக் கையெழுத்துப் போட்டது யார், கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டார் ஓட்டும் முறை எந்தக் கிழமை, வண்டித்தடம் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். விற்பவரின் தாத்தாவுக்கு இரண்டாம் தாரம் இருந்ததை விற்பவரே இவரிடம்தான் தெரிந்துகொள்வார். தம் கட்சிக்காரரின் அரை ஏக்கருக்கு இத்தனை கேள்வி கேட்கும் இந்த மனிதர் தமக்கென்று ஓர் இணையதளம் அமைக்க உட்காரும்போது கேட்பது ஒரே கேள்வி: “தராசு படம் மேல வருமா, கீழ வருமா?”

இந்த ஆசை அவருக்குத் தானாக வருவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் கட்சிக்காரர் ஒருவர், பீஸைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பேச்சை மாற்றுவதற்காக, “என்னங்க சார், கூகுள்ல தேடுனா நீங்க வரவே மாட்டேங்கறீங்க?” என்று ஒரு போடு போடுவார். அன்றிரவு வக்கீலுக்குத் தூக்கம் போய்விடும். கிரைண்டருக்கும் பம்புசெட்டுக்கும் இணையதளம் இருக்கும் ஊரில், எதிர்த்தரப்பு வக்கீலுக்கே இருக்கும் ஊரில், தமக்கு இல்லையே என்ற கவலை அது. மறுநாள் ஒரு டிசைனர் தம்பி லேப்டாப்போடு வருகிறார். டொமைன், ஹோஸ்டிங், டிசைன், கூகுளில் முதல் பக்கம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். “மத்ததெல்லாம் நாம பாத்துக்கலாமுங்க சார், நீங்க போட்டோ மட்டும் குடுங்க.” இதே வாக்கியத்தை ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கர் சொல்லியிருந்தால் நம் வக்கீல் அவரைப் படியில் இறக்கிவிட்டிருப்பார். தம்பி சொன்னதால் புத்தக அலமாரிக்கு முன்னால் போய் நின்று கோட்டின் பொத்தானைப் போடுகிறார். கோவை வக்கீலுக்கு நல்ல ஹோஸ்டிங் கிடைக்காததற்குக் கணினி அறிவின் குறைவு காரணமில்லை. தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வக்கீல் அறிவை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வெளியே எடுப்பதில்லை. இணையத்தில் இடம் பிடிப்பது பத்திரம் பார்க்கும் வேலை. அதைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலையாக அவர் நினைத்துவிடுகிறார்.

முதலில் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம், அது அவருடைய வீட்டுச் சொத்து. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளில் 36ஆவது விதி, வக்கீல் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வேலை தேடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப்பலகைகூட நியாயமான அளவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. தாம் நடத்தும் வழக்கையொட்டிப் பத்திரிகையில் தம் படம் வரச் செய்வதும் குற்றம். 2008இல் இந்த விதிக்கு ஒரு திருத்தம் வந்தது: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த நாள், மாநில பார் கவுன்சிலின் பெயர், படிப்பு, எந்தெந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பது ஆகியவற்றை இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம், போட்டது உண்மை என்று உறுதிமொழியும் தர வேண்டும். அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. இன்ன துறையில் நிபுணர் என்று வாசலில் தொங்கும் பலகை சொல்லக் கூடாது. இன்ன துறையில் வழக்கு நடத்துகிறேன் என்று இணையதளம் சொல்லலாம். நம்முடைய ஆளுக்கு இந்த விதி மனப்பாடம். பார் அசோசியேஷன் கூட்டத்தில் ஜூனியர்கள் ரீல்ஸ் போடுவதைக் கண்டித்து அவர் பேசினால் மேஜை அதிரும். பேசிவிட்டு இறங்கியதும் அந்தப் பேச்சை வீடியோ எடுத்தவரைத் தேடிப் போய், “தம்பி, அதை நம்ம குரூப்ல போட்டுவிடு” என்பார்.

பேக்கேஜ் விற்கும் தம்பிக்கோ 36ஆவது விதி தெரியாது; தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பல் டாக்டருக்கும் ஜிம்முக்கும் செய்து கொடுத்த அதே அச்சில் இவருக்கும் ஒன்று வார்க்கிறார். முகப்பில் ‘கோவையின் நம்பர் 1 வக்கீல்’. கீழே ‘98 சதவீத வெற்றி’. அதற்கும் கீழே சிரித்த முகத்துடன் நான்கு ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’. வழக்கில் தோற்ற பங்காளிகள் எத்தனை மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மட்டும் போடவில்லை. இதெல்லாம் சில்லறை விஷயமில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இணையத் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க வழிகாட்டும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு ரேட்டிங் போடும் பழக்கத்தையும் கண்டித்தது. 2025 மார்ச்சில் பார் கவுன்சில் சமூக ஊடக விளம்பரங்களுக்கு எதிராக மறுபடியும் எச்சரித்தது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவில் கண்டனம் முதல் பெயர் நீக்கம் வரை தண்டனை இருக்கிறது. பெயரை வெளியே தெரிய வைக்கப் போய்ப் பெயரையே பட்டியலிலிருந்து இழக்கும் வாய்ப்பையும் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லாமல்.

இதற்கு நம்முடைய ஆள் கண்டுபிடித்த பரிகாரம் ஒன்று உண்டு. தளத்துக்குள் நுழைகிறவர் முன்னால் ஒரு கதவைப் போட்டு, ‘என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே விசாரிக்க வந்திருக்கிறேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை வைப்பது. நாட்டின் பெரிய சட்ட நிறுவனங்கள் எல்லாம் வைத்திருக்கின்றன, நாமும் வைப்போம் என்பது வாதம். பொள்ளாச்சியிலிருந்து பட்டா பெயர் மாற்றத்துக்கு வழி தேடும் அம்மாள் அதைப் படிக்காமல் அமுக்கிவிட்டு உள்ளே வந்தால், அங்கே ‘நம்பர் 1’ காத்திருக்கிறது. முன்கதவில் விரதம், உள்ளே விருந்து. ஆனால் விதியை எரிச்சலில்லாமல் படித்தால் அது ஒரு செலவுக் குறைப்புத் திட்டமாகத் தெரியும். அது அனுமதிக்கும் விவரம் அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஒரு பக்கத்துக்கும், மாதம் ஓரிரு கட்டுரைக்கும் இருப்பதிலேயே சின்ன ஹோஸ்டிங் போதும். அசையும் படம், அளவில்லாச் சேமிப்பு, முதல் பக்க உத்தரவாதம் என்று தம்பி அடுக்கும் அயிட்டங்களில் முக்கால்வாசி, ஒன்று தேவையில்லை, அல்லது சட்டப்படி கூடாது. எந்தத் தொழிலிலும் ஒழுக்க விதி இவ்வளவு நேரடியாகப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பதில்லை.

அடுத்தது உரிமை மூலம். டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பதிவு நிறுவனத்தின் கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை? புதுப்பிக்கும் கட்டணம் யார் கார்டிலிருந்து போகிறது? கோவையில் நூறு வக்கீல்களை நிறுத்திக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை, “அதெல்லாம் தம்பிக்குத்தானுங்க தெரியும்.” தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடலாம், எண்ணை மாற்றிவிடலாம், புதுப்பிக்கும் அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலில் படிக்கப்படாமல் கிடக்கலாம். கெடு முடிந்து சில வாரச் சலுகையும் தீர்ந்தால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்புறம் வக்கீலின் விசிட்டிங் கார்டில் இருக்கும் முகவரியைத் தட்டினால் ஆன்லைன் ரம்மி திறக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டவர் மீது வழக்காடலாம்தான்; .இன் பெயர்களுக்கென்று தனியே தகராறு தீர்வு முறையும் இருக்கிறது. ஆனால் தம் பெயரை மீட்கத் தாமே வாதியாவதைப் போன்ற கேலி ஒரு சிவில் வக்கீலுக்கு வேறென்ன இருக்கிறது? பினாமி பெயரில் சொத்து வாங்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிறவர், தம் பெயரையே பினாமியில் வைத்திருக்கிறார்.

“காசெதுக்குங்க, இலவசமாகவே எத்தனையோ இருக்கே” என்று இங்கே ஒரு மறுப்பு வரும். கொங்கு நாட்டில் இந்த மறுப்புக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். இலவச இடத்தில் குடியிருப்பவருக்குக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்தால் வாதாட வழியில்லை. ஜியோசிட்டீஸ் என்ற இலவச ஊரில் லட்சக்கணக்கானோர் பக்கம் கட்டி வாழ்ந்தார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது, 2009இல் மூடியது. கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு சேர்த்துச் சிறு தொழில்களுக்குக் கொடுத்த இலவச இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. நம்பி முகவரி அச்சடித்தவர்கள் எல்லோரும் அச்சகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சரி, காசு கொடுத்தால் பத்திரமா என்றால் அதுவும் முழுக்க இல்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து எரிந்து லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. தனியே நகல் வைத்திருந்தவர்கள் வேறிடத்தில் கடை விரித்தார்கள். ஹோஸ்டிங் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றிருந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆகவே இலவசமா கட்டணமா என்பது இரண்டாவது கேள்வி. எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு, பெயரையும் எடுத்துக்கொண்டு, நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போக முடியுமா என்பதே முதல் கேள்வி. போக முடியுமென்றால் இலவச இடத்திலும் சொந்தப் பெயரை இணைத்துத் தாராளமாக எழுதலாம். முடியாதென்றால் எந்த விலையும் அதிகம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். இந்தப் பத்தியைப் படிக்கும்போது நம்முடைய ஆள் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். வாடகை ஒப்பந்தத்தில் ‘மற்றும்’ வர வேண்டிய இடத்தில் ‘அல்லது’ வந்ததற்காக எதிர்க்கட்சியை மூன்று வாய்தா அலைய விட்டவர், ஹோஸ்டிங் நிபந்தனைகளின் நாற்பது பக்கத்தை ஒரு நொடியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே என்ன இருக்கும் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை, அவரே எழுதக்கூடியவர். நஷ்டம் எதுவானாலும் பொறுப்பு நீங்கள் கட்டிய கட்டணத்தோடு சரி. தகராறு வந்தால் எங்கோ ஒரு அமெரிக்க மாநிலத்துச் சட்டம், அங்கேயே மத்தியஸ்தம். முதல் வருஷ விலை ஒன்று, புதுப்பிக்கும் விலை வேறொன்று. கோவை முன்சீப் கோர்ட்டின் அதிகார வரம்பைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடக்கூடிய நாக்கு, தன் சொந்த வழக்கை அட்லாண்டிக்குக்கு அப்பால் அனுப்பிவைத்துவிட்டது. 99.9 சதவீதம் தளம் உயிரோடிருக்கும் என்ற வாக்குறுதியும் பெரிதாகத் தெரியும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 9 மணி நேரம். ஒரு முழு வேலைநாள் தளம் படுத்திருந்தாலும் வாக்கு மீறியதாகாது. வக்கீலுக்கு அது பெரிய நஷ்டமும் இல்லை, மருத்துவமனையா நடத்துகிறார்? ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 99.9ஐ 99.99 ஆக்க இரட்டை விலை கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான உறுப்பு, யாரும் சந்தேகப்படாத ஒன்று: ‘உங்கள் பிரச்சினையை இங்கே எழுதுங்கள்’ என்ற பெட்டி. நம் ஊரில் பிரச்சினையை எழுதச் சொன்னால் ஜாதகத்திலிருந்து எழுதுவார்கள். அதிலும் சொத்துப் பங்கு என்றால் கேட்கவே வேண்டாம். 1989இல் தமிழ்நாடு திருத்தச் சட்டம் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று உறுதி செய்தது. அன்றிலிருந்து கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நிம்மதியாகத் தூங்கும் அண்ணன்மார் குறைவு. அண்ணன் காலையில் அந்தப் பெட்டியில், தங்கச்சிக்குத் தெரியாமல் செட்டில்மென்ட் எழுதிக்கொண்ட கதையைக் கொட்டுகிறார். தங்கச்சி மாலையில் அதே பெட்டியில், அண்ணன் மேல் கேஸ் போட வேண்டும் என்கிறார். வக்கீல் இரண்டையும் படித்துவிட்டால் இருவரில் யாருக்கு ஆஜராவார்? கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆவது பிரிவு விதிக்கும் கடமை. அந்தக் கதைகளோ தம்பியின் மின்னஞ்சலுக்கு ஒரு நகல், ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் ஒரு நகல் என்று உலா வரும். 2023இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது சேர்ந்துகொண்டது. பெட்டியை எடுத்துவிட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டால் பாதி வில்லங்கம் தீர்ந்தது. குமாஸ்தா எடுத்து, ‘எதிர்த்தரப்பு யாருங்க?’ என்று முதலில் கேட்டுவிடுவார். இந்தக் கேள்வியைக் கேட்க எந்த மென்பொருளும் அவருக்கு ஈடில்லை.

“நல்ல வக்கீலுக்கு இதெல்லாம் எதற்கு? சேலத்தில் 1900இல் தொழில் தொடங்கிய ராஜாஜிக்கு ஏது இணையதளம்?” என்பது பெரியவர்களின் மறுப்பு. அன்றைய சேலத்தில் வக்கீல் யார் என்பது ஊருக்குத் தெரியும், வக்கீலுக்கு ஊரைத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 34 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்றும் மாமன் மச்சான் சொல்லித்தான் வக்கீலிடம் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் படியேறும் முன் ஹூஸ்டனிலிருக்கும் மகன் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிடுகிறான். அவன் பார்க்க வேண்டியது பதிவு எண்ணும் முகவரியும், தராசு இல்லை. இதற்கு நேர் எதிரான மறுப்பு இளையவர்களுடையது, அது கனமானது. அப்பாவின் அறையும் மாமனாரின் கட்சிக்காரர்களும் வாய்த்தவருக்கு விளம்பரத் தடை வேலி. முதல் தலைமுறை வக்கீலுக்கு அது சுவர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இலேயே பேட்ஸ் வழக்கில் வக்கீல் விளம்பரத்தை அனுமதித்துவிட்டதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் தடையில்லாத சந்தை எப்படியிருக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு: மும்பை மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் கட்சிக்காரர் தலை தெரிந்ததும் வக்கீல்கள் பாய்ந்து, கட்டைப் பிடுங்கி, பீஸைக் குறைத்துக் கூவிய கதையை 1975இல் டபோல்கர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். கூவுவதில் பெரிய முதலாளிக்குத்தான் ஒலிபெருக்கி வாங்கக் காசிருக்கும். இளையவரிடம் இருப்பது நேரமும் தமிழும். செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்பதைத் திருப்பூர் வியாபாரிக்கு விளங்கும்படி எழுதுவது சட்டத்தைச் சொல்வது. ‘என்னிடம் வாருங்கள்’ என்ற கடைசி வரியைச் சேர்த்தால்தான் அது ஆள் பிடிப்பது. அந்த ஒரு வரியை அடக்கத் தெரிந்தவருக்கு இணையத்தில் இடம் நிறைய உண்டு. எழுதுகிறவர் தேதியையும் போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் மோசடிக்கு 420ஆவது பிரிவு போய் 318ஆவது பிரிவு வந்துவிட்டது. நம் ஊரில் இன்னும் திட்டுவதற்கு 420தான் புழங்குகிறது, அது போகட்டும், வக்கீலின் தளத்திலும் அதுவே நின்றால் எப்படி? தாமே உள்ளே போய்த் திருத்த முடியாத, ஒவ்வொரு திருத்தத்துக்கும் தம்பியைக் கெஞ்ச வேண்டிய தளத்தை வாங்குகிறவர் பழைய சட்டத்தைத் தம் பெயர் போட்டு விற்கிறார்.

ஆகவே, கோபாலபுரத்து ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எந்தக் கம்பெனி சிறந்தது என்று ஜூனியரைக் கேட்காதீர்கள், டிசைனரையும் கேட்காதீர்கள். கட்சிக்காரர் நிலம் வாங்க வந்தால் நீங்கள் எழுதித் தரும் லீகல் ஒப்பீனியனை உங்களுக்கே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர் என் பெயரில், சாவி என் கையில், நகல் என் அலமாரியில், வெளியேறும் வழி பத்திரத்தில் என்ற நான்கும் அதில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். ஒன்று குறைந்தாலும் கம்பெனி எத்தனை பெரிதானாலும் வேண்டாம். தராசுப் படத்தை எங்கே வைத்தாலும் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. இந்த ஒப்பீனியனுக்கு பீஸ் கேட்க ஆளில்லை என்பதால் அதைக் கவனக்குறைவாக எழுதிவிட வேண்டாம், ஐயா.